தனிப் பை

முகர்ரக்கில் எங்கள் சலவைக்கூடத்துக்கு
ஜன்னல் கிடையாது.
நீராவிக்கு நடுவே நின்று
பிரிப்பதுதான் என் வேலை.
ஆஸ்பத்திரி, சிவப்புப் பை.
ஓட்டல், பச்சைப் பை.
கேம்ப் விரிப்புகள் ஒரு காலத்தில் வெள்ளை,
அவற்றுக்குப் பை இல்லை,
தரையில் குவியும்.
எட்டு வருடமாகப் பிரிக்கிறேன்.
கையை விட மூக்கு முந்திக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை ஹூராவில்
ஒரு மாடி அறையில் ஜெபக்கூட்டம்.
புதிதாக வந்த போதகர் ஞானதிரவியம் கேட்டார்:
பரிசுத்தம் என்றால் என்ன?
அழுக்கில்லாதது, என்றார் ஜெபக்கனி அக்கா.
பாவமில்லாதது, என்றது பின்வரிசை.
ஊரில் இப்போது 'தூய' என்று மாற்றிவிட்டார்களே,
எது சரி என்று ஒரு தகராறு,
பழைய ஏசியை விடச் சத்தமாக.
போதகர் கையமர்த்தினார்.
மூல மொழியில் அது
அழுக்கைப் பற்றிய சொல்லே இல்லை.
வேறு பிரித்தது.
ஒதுக்கி வைத்தது.
மற்றதோடு சேராமல் தனியே எடுத்து வைத்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எட்டு வருடமாக நான் செய்வது இதுவா?

அந்தச் சிரிப்பு பஸ்ஸில் பாதி வழிகூட வரவில்லை.
கடல்பாலம் ஏறும்போது
'ஒதுக்கி வைத்தது' மட்டும் திரும்பி வந்து
பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது.
அதை எனக்கு முன்பே தெரியும்.
எங்கள் ஊர் விலக்கில் ஒரு டீக்கடை.
கூரைக் கம்பில் ஓர் ஆணி.
ஆணியில் ஓர் அலுமினியக் குவளை.
அப்பா அதை எடுப்பார், கழுவுவார்,
டீ மேலிருந்து விழும்.
குடித்ததும் மறுபடி அவரே கழுவி
அதே ஆணியில் மாட்டுவார்.
மற்றதோடு சேராமல்.
வேறோர் உதடு படாமல்.

ஐயா போதகரே,
நீங்கள் சொன்ன கணக்குப்படி
அந்தக் கடையிலேயே
பரிசுத்தப் பாத்திரம் அது ஒன்றுதான்.

மீரானிடம் சொன்னேன்.
செய்யிது மீரான், காயல்பட்டினம், இஸ்திரிப் பகுதி.
பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னான்:
இவங்க மூணு சொல்லு வச்சிருக்காங்க.
நளீஃப், கண்ணுக்கு அழுக்கில்ல.
தாஹிர், உடுத்தித் தொழலாம்.
முகத்தஸ், அது நம்ம கையில இல்ல.
நாம கூலி வாங்குறது முதல் சொல்லுக்கு மட்டும்.

ஹஜ் முடிந்த வாரங்களில்
இஹ்ராம் துணிகள் வரும்,
தையலே இல்லாத இரட்டைத் துண்டு.
ஒரு பெரியவர் கொண்டுவந்ததில்
விளிம்போரம் தேநீர்க் கறை.
தனியா, என்றார் விரலை ஆட்டி, தனிப் பை.
அன்று பார்த்து
மூன்று டிரம்மில் இரண்டு நின்றுபோனது.
இரவு ஷிஃப்ட். சூப்பர்வைசர் அறைக்குப் போய்விட்டார்.
ஒரு கையில் இஹ்ராம்,
ஒரு கையில் கேம்ப் குவியல்.
மீரானைப் பார்த்தேன்.
தண்ணி ஓடினாச் சரிதான், என்றான்.
போட்டேன்.

வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்
பதினாறு பேர் தூக்கமும்
ஒருவரின் யாத்திரையும்
ஒன்றையொன்று பிடித்துச் சுற்றின.
எது எதுவென்று
என் மூக்கும் சொல்லவில்லை.
கடைசியில் மூன்று தண்ணீர் அலசல்.

காலையில் பெரியவர் வந்தார்.
முகத்தருகே வைத்து முகர்ந்தார்.
தாஹிர்? என்றார்.
தாஹிர், என்றான் மீரான், கண்ணிமைக்காமல்.
தனியாகவா என்று அவர் கேட்கவில்லை.
கூலிக்கு மேலே இருநூறு ஃபில்ஸ் வைத்தார்.
எதிர்க்கடையில் இரண்டு கடக் டீ வாங்கினோம்.
காகிதக் கோப்பைகள்,
ஒரே அடுக்கிலிருந்து உருவியவை.

கேம்ப் விரிப்புகளை வேன்காரன்
எண்ணாமல் அள்ளிப்போனான்.
அவற்றை யாரும் முகர்ந்து பார்க்கவில்லை.
அவையும் அதே மூன்று தண்ணீரில் வந்தவை.